மன்னார் எரிவாயுவும் திகன ஹார்ட்வெயார் கடையும்

எங்கள் தொழிலைப் பற்றிக் கண்டியில் ஒரு கேலி உண்டு. கிளி சாத்திரக்காரனிடம் கிளி இருக்கிறது, பொருளாதார ஆய்வாளரிடம் கணினி இருக்கிறது, மற்றபடி இரண்டு பேரும் ஒன்றுதான் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிளி பாவம், ஒரே ஒரு சீட்டைத்தான் எடுக்கும். நாமோ நல்லது நடந்தால் இப்படி, கெட்டது நடந்தால் அப்படி, இரண்டும் இல்லையென்றால் நடுவில் என்று மூன்று சீட்டையும் எடுத்து நீட்டிவிட்டு, சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, நாட்டின் கடல் எண்ணெய், எரிவாயுத் தொழில் எப்படிப் போகும் என்று நீங்கள் மறுபடியும் அறிக்கை எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் கணக்கு மாதிரிகளைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை. அதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓய்வுபெற்ற எனக்கு இப்போது தெரிந்ததெல்லாம், நாம் எழுதுவதை யாராவது உண்மையாகவே வாசித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

மன்னார்க் கடலில் எரிவாயு இருக்கிறது என்ற செய்தி வந்த காலம் அது. அப்போது எங்கள் அலுவலகம் கண்டி வாவிக்குக் கிட்ட, ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. காலையில் பாண் வாசனை வரும், மாலையில் மழைச்சாரல் வரும், கடல் காற்று மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. சுற்றிலும் மலை. எங்களில் ஒருவர்கூட எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையைப் படத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் கடல் நாட்டுக்கு என்ன தரும் என்று எழுதும் வேலை எங்களிடம்தான் வந்தது. கடலைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் மயங்கிப்போவான், அதனால்தான் மலையில் கொடுத்திருக்கிறார்கள் என்று எங்கள் தலைவர் சொல்லுவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பெயர் சொன்னால் கோபிப்பார், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம்.

நான் கலஹாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். செய்தி வந்த மறுநாள் கண்டக்டர் என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மிஸ், இனி பஸ்ஸெல்லாம் கேஸ்லதான் ஓடுமாமே? அப்ப டிக்கட்டு எப்ப குறையும்?"

பின் சீட்டில் மரக்கறி மூட்டையோடு இருந்த அம்மா விடவில்லை. "அட பஸ்ஸ விடுங்க! அடுப்புக்கு கேஸ் சும்மா குடுப்பாங்களான்னு மிஸ்கிட்ட கேளுங்க!"

"அதெல்லாம் வர்றப்ப வரட்டும்ங்க. இப்ப கண்டிக்கு ஒரு டிக்கட்டு குடுங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்கள் அறிக்கையின் கேள்வியும் அதுதான். எப்போது வரும், யாருக்கு வரும்? அந்த இரண்டைத் தவிர நாங்கள் எழுதியதெல்லாம் படமும் அட்டவணையும்தான்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் எரிக்கும் எண்ணெய் முழுவதும் கப்பலில் வருகிறது, அதற்கு டொலரில் கட்டுகிறோம். சொந்தக் கடலில் இருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்தால் அந்த டொலர் நாட்டிலேயே நிற்கும், கரண்டு பில்லும் இறங்கும். இது நல்ல பக்கம். வாயு கிடப்பதோ ஆழ்கடலில். தோண்டுவதற்கு வெளிநாட்டுக் கம்பனி வர வேண்டும், உலகச் சந்தையில் விலை விழுந்தால் அது பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும். இது கெட்ட பக்கம்.

இந்த இரண்டு பக்கத்தையும் எழுதுவதற்குத் தலைவர் வைத்திருந்த வழக்கம்தான் வேடிக்கையானது. நல்லது நடக்கும் என்று நம்புகிறவர் கெட்ட பக்கத்தை எழுத வேண்டும். நம்பாதவர் நல்ல பக்கத்தை எழுத வேண்டும். நடுப்பக்கத்தை அவரே கடைசியில் எழுதுவார். ஆசைப்பட்டதை எழுதுகிறவனுக்குத் தன் எழுத்தில் ஓட்டை தெரியாது என்பது அவருடைய வாதம்.

நான் பிறவியிலேயே நம்பிக்கை இல்லாதவள். வெயில் கொளுத்தும் நாளிலும் பையில் குடை இருக்கும். அதனால் நல்ல பக்கம் என் தலையில் விழுந்தது. பக்கத்து மேசையில் தெல்தோட்டை செல்வம். கிரிக்கெட்டில் நம் அணியின் கடைசி விக்கெட் விழுந்த பிறகும் "இன்னும் சான்ஸ் இருக்கு அக்கா" என்கிற ஆள். அவனுக்குக் கெட்ட பக்கம். பாவம், பல்லைப் பிடுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுதினான்.

நான் எழுதியது எப்படி வந்தது தெரியுமா? எனக்கு அதில் ஒரு சொல்லிலும் நம்பிக்கை இல்லையல்லவா? அதனால் என்னையே நம்பவைக்க வேண்டியிருந்தது. ஒரு சந்தேகம் வந்தால் அதற்கு ஒரு பதில், அந்தப் பதிலில் சந்தேகம் வந்தால் இன்னொரு பதில் என்று அடைத்து அடைத்து, கடைசியில் சுண்டெலி நுழையவும் இடமில்லாத ஓர் அத்தியாயம் ஆகிவிட்டது. தலைவர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன பிள்ளை இது? வாசிச்சு முடிய நானே மன்னாரிலை ஒரு காணி வாங்குவமோ எண்டு யோசிச்சனான்!"

வயிறு நோகச் சிரித்தோம்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. அறிக்கை வெளியே போகுமுன், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, விளங்குகிறதா என்று கேட்போம். நீளமான அறிக்கையை யாரும் முழுதாக வாசிக்க மாட்டார்கள் என்பதால் ஓர் ஆளுக்கு ஓர் அத்தியாயம். கெட்ட பக்கம் தெல்தோட்டையில் ஓர் ஆசிரியருக்குப் போனது. அவர் வாசித்தாரா என்று இன்றுவரை தெரியாது. நல்ல பக்கம் செல்வத்தின் சிநேகிதர், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்றழைக்கும் ரவூப் நானாவிடம் போனது. திகனையில் பிரதான வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவர். அவர் வாசித்தார். ஐயோ, எப்படி வாசித்தார்!

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ரவூப் நானா வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். பின்னால் மகள் ஸஹ்ரா. கணக்கியல் படித்துவிட்டு வாப்பாவின் கடையையே பார்த்துக்கொண்டிருந்த பெண். கையில் மஸ்கட் இனிப்புப் பெட்டி, முகத்தில் இடி மழை.

"மிஸ்தானா இத எழுதின?"

"ஆமாங்க நானா. விளங்குச்சுங்களா?"

"விளங்குச்சா? மாஷா அல்லாஹ்! புது தண்ணித் தாங்கி மாதிரி ஈக்கிது மிஸ், ஒரு ஓட்ட இல்ல! அதான் முடிவெடுத்திட்டன். கடைய விக்கிறன்!"

கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

"விக்கிறீங்களா?"

"ஜும்ஆ தொழுக முடிய ஆள் வாரார், அட்வான்ஸ் கைமாறுது. மன்னார்ல ரோட்டோரமா காணி பார்த்தாச்சி. கேஸ் கம்பனிக்காரன் வந்தா, ஆணியில ஈந்து கூரைத்தகடு மட்டும் எங்கிட்டத்தானே வாங்கணும்? இந்தாங்க மஸ்கட். முதல் இனிப்பு ஒங்களுக்குத்தான். மகள், குடுங்க மிஸ்ஸுக்கு!"

ஸஹ்ரா பெட்டியைக் கொடுக்கவில்லை. கதிரை நுனியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். அந்தக் கடையில்தான் அந்தக் குடும்பத்தின் சாப்பாடு, துணி, மரியாதை எல்லாம் இருந்தது. அதை என் எழுத்து விற்கப் போகிறது, அதுவும் நானே நம்பாத எழுத்து.

உள்ளே ஓடினேன். தலைவர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"விற்காதையுங்கோ எண்டு சொல்ல நாங்கள் ஆர் பிள்ளை? விற்கச் சொல்லவும் நாங்கள் ஆர்? இண்டைக்குத் தடுத்துப்போட்டு, நாளைக்கு வாயு வந்து மன்னார் பெருத்தால் அந்த மனுசன் எங்களை மன்னிப்பாரே? ஆலோசனை சொல்லுறது எங்கடை வேலை இல்லை."

"அப்ப அவர் கடைய வித்திட்டுப் போகட்டும்னு பாத்துக்கிட்டு இருக்கவா சேர்?"

"மற்றப் பக்கத்தைக் குடும். ரெண்டையும் வாசிச்சிட்டு அவரே முடிவெடுக்கட்டும்."

அதுவும் நியாயம்தான். செல்வத்தின் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து நீட்டினேன். "நானா, இதுதான் கெட்ட பக்கம். இதையும் ஒரு தடவ வாசிச்சிடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே வாசிக்கத் தொடங்கினார். "தோண்ட வந்த நிறுவனம் பாதியில் திரும்பிப் போகக்கூடும். எனினும், தோண்டிய அனுபவம் நாட்டுக்குப் பெரும் சொத்தாகும்." நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார். "உலகச் சந்தையில் விலை விழக்கூடும். எனினும், விழுந்த விலை எழாமல் இருந்ததில்லை." அடுத்த பக்கம். அங்கேயும் ஓர் எனினும்.

"இதுவா மிஸ் கெட்ட பக்கம்?" ரவூப் நானாவின் முகம் பூரித்துவிட்டது. "கெட்டது நடந்தாலே இவ்வளவு நல்லம் எண்டா, நல்லது நடந்தா எங்கட நெலம என்ன! மகள், எழும்புங்க, நேரமாகுது!"

நான் செல்வத்தைத் தேடினேன். அலுமாரிக்குப் பின்னால் சட்டையின் ஓரம் தெரிந்தது.

"நான் என்னக்கா செய்றது?" என்று அங்கேயிருந்து குரல் வந்தது. "கெட்டதா எழுத மனசு வரல."

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நம்பாதவள் நம்பும்படி எழுதிவிட்டாள், நம்புகிறவன் கெட்டதையும் இனிப்பாக எழுதிவிட்டான். எங்கள் வழக்கம் எங்கள் காலையே வாரிவிட்டது. அதோ அவர் படியிறங்கப் போகிறார். "விக்காதீங்க" என்று கத்தினால் தலைவரின் சொல்லைத் தட்டியவள் ஆவேன், அதைவிட, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொன்னவள் ஆவேன். வாயு வருமா வராதா என்று கடவுள் சத்தியமாக எனக்குத் தெரியாது. சும்மா இருந்தாலோ கடை போய்விடும். யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நானா, கொஞ்சம் உக்காருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு விளையாட்டு இருக்கு. அத ஒரு தரம் விளையாடிட்டுப் போங்க."

"விளையாட்டா? ஜும்ஆக்கு போகணுமே மிஸ்."

"அதுக்கு இன்னும் நேரம் இருக்குங்க. கடைய விக்கணும்கிறது உங்க கட்சி. வேணாங்கிறது மகளோட கட்சி. இப்ப மாத்திப் பேசுங்க. விக்கணும்னு மகள் பேசட்டும். விக்கக் கூடாதுன்னு நீங்க பேசணும். ஆனா மனசாரப் பேசணும், கள்ளம் பண்ணக் கூடாது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வியாபாரி அல்லவா, பேரம் என்றால் விடுவாரா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். "சரி மகள், தொடங்குங்க பார்ப்பம்."

ஸஹ்ரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தொடங்கினாள். தயங்கித் தயங்கித்தான் தொடங்கினாள். ஆனால் அவரின் மகளல்லவா, இரண்டு வசனத்தில் சூடு பிடித்துவிட்டது.

"வாப்பா, திகனையில இப்ப ரோட்டுக்கு ரோடு ஹார்ட்வெயார். எவ்வளவு காலத்துக்கு பக்கத்துக் கடைக்காரனோட மல்லுக்கட்டுற? மன்னார்ல நாமதான் முதல் ஆள். கம்பனி வந்தா வீடு கட்டுவாங்க, ஹோட்டல் கட்டுவாங்க, ரோடு போடுவாங்க. கடைசியா வாறவனுக்கு காணியும் கெடைக்காது!"

"கேட்டீங்களா மிஸ்!" என்று துள்ளினார் ரவூப் நானா. "இதத்தானே நான்..."

"நானா, நீங்க எதிர்க்கட்சி" என்றேன்.

"ஆ, ஓ." தொண்டையைச் செருமினார். தோற்க மனசில்லை. மோவாயைத் தடவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

"மகள், கடலுக்கு அடியில ஈக்கிற சாமான, ஸ்டொக்ல ஈக்கிற சாமான் எண்டு எழுதேலாது. கப்பல் ஏறிட்டு எண்டு சொன்ன சீமெந்தே எத்தின தரம் வராம போயீக்கிது?"

"அது வரும் வாப்பா. கம்பனிக்காரன் சும்மா வருவானா?"

"வரட்டுமே! வந்தா கடலுக்கு நடுவுல மேடை போடுவான். அவன்ட சாமான் அவன்ட கப்பல்ல வரும். அந்த மேடைக்கு என்ட கூரைத்தகடு எதுக்கு?" இப்போது அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. மேசையில் கிடந்த என் அத்தியாயத்தைத் தட்டினார். "இந்தா, மிஸ்ஸே எழுதீக்கிறாங்க. வாயு குழாயில கரண்டு செய்ற எடத்துக்கு போகுமாம். கரண்டு பில் கொறஞ்சா மன்னாருக்கும் கொறையும், திகனைக்கும் கொறையும். அதுக்கு நான் ஏன் ஊர் மாறணும்?" சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இது அன்டைக்கு என்ட கண்ணுல படவே இல்லையே மிஸ்!"

வாய் திறந்தால் ஆலோசனை ஆகிவிடும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஸஹ்ரா விடவில்லை. விளையாட்டு அவளுக்கும் பிடித்துவிட்டது. "சரி, ஒங்களுக்கு வயசாகுது. அங்க பெரிசா கடை போட்டா மொதலாளியா கதிரையில சாஞ்சி இருக்கலாம். இங்க மூட்டை தூக்கியே முதுகு போச்சி."

"நான் எங்க மகள் தூக்குற? வாங்குறது நீங்க, விக்கிறது நீங்க, ஏஜன்ட்மாரோட சண்ட புடிக்கிறது நீங்க! வீடு கட்டுற பாஸ்மார் வந்தா என்ன செல்றாங்க? 'நானா கொஞ்சம் ஒதுங்குங்க, தங்கச்சிட்ட கேக்கணும்' எண்டுதானே! திகனையில கடைக்கு பேர் எடுத்தது நானா, நீங்களா? ஒங்கள விட்டா அந்தக் கடையில..."

ரவூப் நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது.

"மிஸ், நான் ஏன் விக்கப் பார்த்த தெரியுமா? படிச்ச புள்ள, நாள் பூரா சீமெந்துத் தூசியில நிண்டு காயுதே எண்டுதான். இவளுக்கு பெரிசா ஒண்டு செஞ்சி குடுக்கணும் எண்டுதான். ஒங்கட கேஸ் நல்ல நேரத்துல வந்திச்சி."

ஸஹ்ரா தன் கட்சியை மறந்துவிட்டாள்.

"வாப்பா, எனக்கு அந்தத் தூசி புடிக்கும்."

"என்ன மகள்?"

"புடிக்கும் வாப்பா. கடை புடிக்கும். பாஸ்மாரோட பேரம் பேசுறது புடிக்கும். நீங்க ஒரு நாள் சரி எங்கிட்ட கேட்டீங்களா?"

"நீங்களும் செல்லல்லயே!"

"வித்திட்டன் எண்டு வந்து செல்ற வாப்பாக்கிட்ட என்னத்த செல்ற!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. செல்வம் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, யாரும் கேட்காமலே மஸ்கட் பெட்டியைத் திறந்தான். தலைவரும் எட்டிப் பார்த்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

"ஆலோசனை ஒண்டும் சொல்லேல்லைத்தானே?" என்று என் காதில் கேட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லல சேர்."

ஆனால் ரவூப் நானா முடிவு எதுவும் சொல்லாமலேதான் போனார். பேசி வைத்த ஆளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றே என்று முனகிக்கொண்டே படியிறங்கினார். வியாபாரிக்கு வாக்கு சின்ன விஷயமல்ல. அதனால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறிக்கை பிறகு நல்லபடியாகவே வெளிவந்தது. எந்த அத்தியாயமும் தனியே வெளியே போகக் கூடாது என்று தலைவர் சட்டம் போட்டார். செல்வத்தின் எனினும்களை எல்லாம் சிவப்புப் பேனாவால் வெட்டினார், வெட்ட வெட்ட அவன் முனகினான். வாயு இன்னும் கடலுக்கு அடியில்தான் கிடக்கிறது. வந்த கம்பனி போய்விட்டது, இன்னொன்று வரலாம் என்கிறார்கள். வரட்டும், வந்தால் என்னைவிடச் சந்தோசப்படுகிறவர் இருக்க முடியாது. நீங்கள் அதை எழுதும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். வாசிக்கிறவர் வெறும் மனசோடு வருவதில்லை. ஏற்கெனவே ஓர் ஆசையோ பயமோ அவருக்குள் இருக்கும், உங்கள் எழுத்தில் அதற்கு ஆதரவான வரிதான் அவர் கண்ணில் படும். எல்லாவற்றையும் நீங்களே சொல்லித் தீர்க்க முடியாது. சில நேரம் அவரை எதிர்க்கட்சியில் உட்காரவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம் வேலை. அதற்குத் தைரியம் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, கலஹா பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்தபோது தொலைபேசி அடித்தது. ஸஹ்ரா.

"மிஸ், அந்த ஆள் வந்தார்."

"ஐயோ, வாப்பா என்ன சொன்னாருங்க?"

"கல்லாவ விட்டு எழும்பி என்ன அதுல உக்கார வெச்சிட்டார் மிஸ். 'இது இப்ப என்ட கடை இல்ல, மகள்ட கடை. அவட்ட கேளுங்க' எண்டு செல்லிட்டு அங்கால போயிட்டார்."

"அந்த ஆள் கோவிச்சுக்கிட்டாரா?"

"முதல்ல முகம் கறுத்திச்சி. பொறகு என்ட முன்னால வந்து நிண்டு, 'தங்கச்சி, குடுப்பீங்களா இல்லையா?' எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாமான் குடுக்குறதுக்குத்தானே கடை, என்ன வேணும் எண்டு கேட்டன்." அவள் சிரிப்பு கண்டி வரைக்கும் கேட்டது. "ரெண்டு வாளி பெயின்ட் வாங்கிட்டுப் போனார் மிஸ்."